கிராமசபைத் தீர்மானத்தில் எங்கள் மலைத்தடம் ஏறிய கதை

நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத் தொகுதி ஏலம் போன செய்தி 2024 நவம்பர் 7-ம் தேதி வந்தது. மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கம் சுமார் 2015 ஹெக்டேர் நிலம். கிரானைட் குவாரிகள் மலைகளை என்ன செய்தன என்று கண்ணால் பார்த்த ஊர்கள் எங்களுடையவை. யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

நவம்பர் 1 கிராமசபை அந்த ஆண்டு 23-ம் தேதிக்குத் தள்ளிப்போயிருந்தது நல்லதாகப் போயிற்று. "டங்ஸ்டன் வேண்டாம்னு ஒரு வரி எழுதினாப் போதும்" என்றார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. அரிட்டாபட்டி, மீனாட்சிபுரத்தில் 2022-ல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது சுமார் 193 ஹெக்டேர்தான். அதை விட்டுவிட்டு மீதியைத் தோண்டுகிறோம் என்று நாளைக்கே சொன்னால்? அரிட்டாபட்டிக் கழிஞ்சமலைக் குகையும் அங்குள்ள தமிழி (பழைய தமிழ் எழுத்து) கல்வெட்டும் தப்பிக்கும். சுற்றியுள்ள கண்மாய்களும் தடங்களும் போய்விடும்.

அதனால் எந்தெந்த இடம் என்று தீர்மானத்திலேயே எழுத நினைத்து, 'அ' பதிவேட்டு (கிராம நிலக் கணக்கு) நகலையும் புலப்படத்தையும் (நில அளவை வரைபடம்) எடுத்துக்கொண்டு சர்வே எண்களைப் பார்த்தோம். வண்டிப்பாதை, கண்மாய் எல்லாம் இருந்தன. பாறைமேல் போகிற தடம் மட்டும் எங்கேயும் இல்லை. அந்த இடம் முழுக்க 'கல்லாங்குத்து', அதாவது பாறை நிலம், என்று ஒரே சொல்லில் முடிந்திருந்தது. அப்புறம் ஆடு மேய்க்கிற சின்னம்மா ஒருவரைக் கூட்டிக்கொண்டு நடந்தோம். கால் பட்டுப் பட்டுப் பாறை வழவழப்பாகிக் கிடந்த இடங்களைக் கம்பால் தட்டிக் காட்டினார். "இதுல ஏறு தம்பி, அது வழுக்கும். சுனை அந்தாண்ட இருக்கு." அவர் சொன்னதைப் புலப்படத்தில் பென்சிலால் கோடிட்டுக்கொண்டோம்.

கிராமசபையில் கூட்டத்துக்குக் குறைவில்லை. 3001 முதல் 10,000 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 200 பேர் வந்தால் போதும், அதைத் தாண்டிவிட்டது. சிக்கல் எழுதுவதில் வந்தது. "இத்தனை சர்வே நம்பர் எழுதினா பக்கம் பத்தாதுண்ணே" என்று எழுதுகிறவர் இழுத்தார். பொதுவாக முதலில் கையெழுத்து வாங்கிவிட்டுத் தீர்மானத்தைச் சாவகாசமாக எழுதுவார்கள். அந்தப் பழக்கத்துக்கு மட்டும் இடம் கொடுக்கக் கூடாது. எழுதி முடித்து, மைக்கில் வாசித்த பிறகுதான் பெண்கள் கையெழுத்துப் போட்டார்கள். கல்லாங்குத்து எண்களுக்குக் கீழே 'ஆட்டுத்தடம், சுனைக்குப் போகும் வழி' என்றும் ஏறியது. நகலைக் கையோடு வாங்கினோம்.

பயந்தபடியே டிசம்பர் கடைசியில், பல்லுயிர்த் தலத்தை நீக்கி எல்லையை மாற்ற முடியுமா என்று மத்திய சுரங்க அமைச்சகம் இந்தியப் புவியியல் ஆய்வு மையத்தைக் கேட்டது. சட்டமன்றம் டிசம்பர் 9-ம் தேதியே எதிர்ப்புத் தீர்மானம் போட்டிருந்தது. ஜனவரி 7-ம் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு நடந்த கூட்டத்தை நாடே பார்த்தது. 2025 ஜனவரி 23-ம் தேதி ஏலம் ரத்தானது. ஒரு கிராமசபையால் நடந்தது என்று சொல்ல மாட்டேன். எத்தனையோ ஊர்கள் சேர்ந்து செய்தது.

தடத்தை வருவாய்ப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லித் தீர்மான நகலோடு தனியாக ஒரு மனு கொடுத்திருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.