நிழலுக்கு நிறுத்திய கார்

வேலூரில் வண்டி நிறுத்துகிறவர் முதலில் தேடுவது நிழலைத்தான், இடமெல்லாம் அப்புறம். மே மாதம் மதியம் இரண்டு மணிக்கு வெயிலில் நின்ற காரின் ஸ்டியரிங்கைத் தொட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காட்பாடி காந்தி நகரில் எங்கள் வீட்டுக்கு எதிரே பெரிய தூங்குமூஞ்சி மரம் ஒன்று இருந்தது. நாலரை வருடமாக என் கார் அதன் அடியில்தான் நின்றது. பக்கத்திலேயே தம்பியின் ஸ்கூட்டர்.

போன வருடம் சாக்கடைக்குப் பள்ளம் தோண்டியபோது மரத்தின் ஒரு பக்க வேரை வெட்டிவிட்டார்கள். அன்றே நைனா, "இந்த மரம் இனி நிற்காது" என்றார். நைனா எல்லாவற்றையும் பற்றி இப்படித்தான் சொல்வார் என்பதால் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கத்திரி வெயிலின் நடுவில் ஒரு மாலை புழுதிக் காற்று கிளம்பியது. மழை நாலு சொட்டு விழுவதற்குள் கோணிப்பையைக் கிழிப்பதுபோல ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், என் இடுப்பளவு தடித்த கிளை காரின் பானட்டின் மேல் படுத்திருந்தது. முன்கண்ணாடி உதிரவில்லை. சிலந்தி வலை போல விரிசல் விட்டு உள்ளே குழிந்திருந்தது. ஸ்கூட்டரின் கைப்பிடி மட்டும் இலைகளுக்கு நடுவே தெரிந்தது.

தீயணைப்பு வீரர்கள் வந்து ரம்பத்தை வைக்கும் முன், நம்பர் பிளேட்டும் கிளையும் ஒரே படத்தில் விழும்படி நாலு பக்கமும் படம் எடுத்துக்கொண்டேன். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் அப்போதே போன் செய்துவிட்டேன். மறுநாள் சேதத்தை மதிப்பிட ஒர்க்‌ஷாப்புக்கு வந்த இன்சூரன்ஸ் சர்வேயர் முதலில் கேட்டது அந்தப் படங்களைத்தான். "போலீஸ் புகார் வேண்டுமா?" என்று கேட்டேன். "யாருக்கும் அடிபடவில்லையே மேடம், வேண்டாம்" என்றார்.

நான் பள்ளியில் கணக்கு டீச்சர். பில் வந்ததும் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தேன். மொத்தம் 41,100 ரூபாய். முன்கண்ணாடி 8,400. பாகம் பழசானதற்காக இன்சூரன்ஸில் கழிக்கும் தொகைக்குத் தேய்மானம் என்று பெயர். கண்ணாடிக்கு அதைப் பிடிப்பதில்லை, அது முழுதாக வந்தது. பானட் 9,000. நாலு வருடத்தைத் தாண்டிய வண்டியின் இரும்புப் பாகங்களுக்கு 35 சதவீதம் கழிப்பார்கள், 3,150 போயிற்று. பிளாஸ்டிக் சாமான் 5,200. வண்டி புதிதோ பழையதோ, பிளாஸ்டிக்குக்குப் பாதிதான், 2,600 போயிற்று. பெயிண்டிங் 12,000. அதில் கால் பங்கைப் பெயிண்டின் விலையாக வைத்துக்கொண்டு அந்தக் கால் பங்கில் பாதியைக் கழிக்கிறார்கள். இந்தக் கணக்கை எட்டாம் வகுப்புக்குக் கொடுத்தால் பிள்ளைகள் அழுதுவிடுவார்கள். விடை 1,500. டிங்கரிங் கூலி 6,500 முழுதாகக் கிடைத்தது. கடைசியில், 1,500 சிசிக்கு உட்பட்ட கார்கள் எல்லாவற்றுக்கும் கட்டாயமாகப் பிடிக்கும் 1,000. ஆக என் கையிலிருந்து போனது 8,250. தேய்மானம் கழிக்காமல் கொடுக்கும் 'ஜீரோ டெப்' வசதியைக் கூடுதல் பணம் கட்டிச் சேர்த்திருந்தால் பெரும்பகுதி மிச்சமாகியிருக்கும். பாலிசி எடுத்த அன்று, எதற்கு வீண் செலவு என்று விட்டது நான்தான்.

இன்னொரு நஷ்டம் இந்த பில்லில் தெரியாது. நாலு வருடம் கிளெய்ம் கேட்காமல் சேர்த்த 45 சதவீத நோ கிளெய்ம் போனஸ் என்ற பிரீமியத் தள்ளுபடி அடுத்த புதுப்பிப்பில் பூஜ்யமாகிவிடும். வெறும் கண்ணாடிக் கீறலாக இருந்திருந்தால் நான் கிளெய்மே போட்டிருக்க மாட்டேன்.

தம்பியின் கதைக்கு வருகிறேன். இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். "எனக்குக் கவலையில்லை அக்கா, 2027 வரை இன்சூரன்ஸ் இருக்கிறது" என்று தெம்பாகத்தான் சொன்னான். காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். 2027 என்று இருந்தது உண்மைதான். ஆனால் அது தேர்ட் பார்ட்டிக்கு எதிரே இருந்த தேதி. அதற்கு மேல் வரியில் ஓன் டேமேஜ் என்று போட்டு 2023 ஜூலை என்று இருந்தது.

2018 செப்டம்பரிலிருந்து புது இருசக்கர வாகனத்துக்கு ஐந்து வருடமும் காருக்கு மூன்று வருடமும் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் சேர்த்தே எடுக்க வேண்டும். ஷோரூமில் அதோடு ஓன் டேமேஜை பெரும்பாலும் ஒரு வருடத்துக்குத்தான் போட்டுக் கொடுக்கிறார்கள். தேர்ட் பார்ட்டி என்பது நம் வண்டியால் அடுத்தவருக்கு வரும் சேதத்துக்கு. நம் வண்டி மேல் மரம் விழுந்தால், வெள்ளம் புகுந்தால், திருடு போனால் ஓன் டேமேஜ்தான் கைகொடுக்கும். ஐந்து வருடக் காகிதம் பெட்டியில் இருக்கிறது என்ற நிம்மதியில் தம்பி மூன்று வருடமாக ஓன் டேமேஜைப் புதுப்பிக்கவே இல்லை. இத்தனைக்கும் 2019லிருந்து ஓன் டேமேஜை மட்டும் தனியாக வாங்க முடியும்.

"போலீஸ் பிடித்தபோதுகூட எல்லாம் சரியாக இருக்கிறது என்றுதானே விட்டார்கள்?" என்று கேட்டான். சாலையில் ஓட்ட மோட்டார் வாகனச் சட்டம் கேட்பது தேர்ட் பார்ட்டியை மட்டும்தான். அவர்கள் ஏன் மற்றதைப் பார்க்கப் போகிறார்கள்? ஸ்கூட்டருக்கு 11,600 ரூபாய் ஆனது. முழுவதும் அவன் பணம். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, மரத்தை நான் தள்ளிவிட்டது போல.

மிச்ச மரத்தையும் பிறகு வெட்டிவிட்டார்கள். திண்ணை உயரத்துக்கு அடிமரம் மட்டும் நிற்கிறது, சாயங்காலம் நைனா அதில்தான் உட்கார்ந்துகொள்கிறார். காரை வெட்டவெளியில் நிறுத்தி, ஸ்டியரிங் மேல் ஈரத்துண்டு போட்டுவிட்டு வருகிறேன். பக்கத்துத் தெருவில் நல்ல வேப்பமரம் ஒன்று இருக்கிறது. அதன் அடியில் வழக்கமாக நிற்கும் வெள்ளை வேன் எப்போது நகரும் என்று ஒரு வாரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.