நட்டாலம் முதல் கோட்டாறு வரை: யோபு நூலோடு இரண்டு நாள்

புனித தேவசகாயம் வாழ்ந்த, வதைபட்ட, இறந்த இடங்களைச் சுற்றி வர வேன் பிடித்தால் ஒரே நாளில் முடித்துவிடலாம். பலர் அப்படித்தான் முடிக்கிறார்கள். காலை ஆறு மணிக்குக் குமரி மாவட்டத்து நட்டாலம், இரவு ஏழுக்குக் கோட்டாறு, இடையில் ஒவ்வொரு இடத்திலும் இருபது நிமிடம், ஒரு மெழுகுவர்த்தி, ஒரு போட்டோ. வீட்டுக்குப் போனதும் எது எந்த ஊர் என்று குழம்புவார்கள். இரண்டு நாள் ஒதுக்குங்கள். கையில் விவிலியம் வேண்டும், அதிலும் யோபு நூல் வேண்டும். அது இல்லாமல் இந்தப் பாதைக்குப் பாதிப் பொருள்தான்.

காரணம் எளிது. பின்னாளில் தேவசகாயமான நீலகண்ட பிள்ளை என்ற திருவிதாங்கூர் அரண்மனை ஊழியர் கிறிஸ்துவை அறிந்தது யோபுவின் வழியாகத்தான். வீட்டில் மாடு செத்து, பயிர் பொய்த்து, மனம் ஒடிந்திருந்தபோது அவருக்கு, குற்றமில்லாமலே சொத்தையும் பிள்ளைகளையும் இழந்த யோபுவின் கதையைச் சொன்னவர் டிலனாய். 1741 குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றுச் சிறைப்பட்டு, பிறகு அதே மன்னரின் படைக்கே பயிற்சி தந்த டச்சுக் கம்பெனிப் படையாள். ஜெயித்தவன் சொல்லும் ஆறுதலுக்கும் தோற்றவன் சொல்லும் ஆறுதலுக்கும் வித்தியாசம் உண்டு.

நம் சபை வழக்கில் ஞானம் என்ற சொல் எங்கும் கிடக்கிறது. ஞானஸ்நானம், ஞானத்தந்தை, ஞானோபதேசம், ஞான ஒடுக்கம். புழங்கிப் புழங்கி அச்சு தேய்ந்த காசாகிவிட்டது அந்தச் சொல். யோபு நூல் அதைத் திரும்பத் தேய்த்துப் பார்க்க வைக்கும்.

நட்டாலம் மார்த்தாண்டத்திலிருந்து கருங்கல் போகும் திசையில் இருக்கிறது. 1712 ஏப்ரல் 23 அன்று தேவசகாயம் பிறந்த ஊர். மகாசிவராத்திரியில் நடக்கும் சிவாலய ஓட்டம் முடிவதும் இதே ஊரில்தான், பன்னிரண்டாம் கோயிலில். அந்த நாட்களில் வந்தால் காவி உடுத்து, விசிறி பிடித்து, கோபாலா கோவிந்தா என்று ஓடி வருகிறவர்களோடு சேர்ந்துதான் ஊருக்குள் நுழைய வேண்டியிருக்கும். வண்டி நகராது. இங்கே யோபு முதல் இரண்டு அதிகாரம் போதும். ஏழாயிரம் ஆடு, மூவாயிரம் ஒட்டகம், ஏழு மகன், மூன்று மகள் என்று எண்ணிக்கையை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியில் தேவைப்படும்.

பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்க்கிற எண்ணம் இருந்தால் திங்கட்கிழமையைத் தவிர்க்க வேண்டும், அன்று விடுமுறை. அவர் வேலை பார்த்த இடம் என்பதற்கு மேல் அங்கே திருப்பயணிக்கு அதிகம் இல்லை. நேரம் குறைவாக இருந்தால் தயங்காமல் விட்டுவிடலாம்.

விடக்கூடாதது உதயகிரிக் கோட்டை. தக்கலை தாண்டி நாகர்கோவில் போகும் சாலையில், புலியூர்க்குறிச்சியில். உள்ளே வனத்துறையின் பூங்கா இருப்பதால் நுழைவுக் கட்டணம் உண்டு. மாலையில் மூடிவிடுவார்கள், அதனால் மதியத்துக்குள் போய்விட வேண்டும். குடும்பத்தோடு வருகிறவர்கள் மானையும் மயிலையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவதுண்டு. கேட்டுக்கொண்டு இன்னும் உள்ளே நடந்தால் கூரையற்ற சிற்றாலயம், அதற்குள் டிலனாயின் கல்லறை. 1777இல் இறந்தார். கல்லில் லத்தீனும் தமிழும் செதுக்கியிருக்கிறது.

இங்கே வரிசையை மீறி 28ஆம் அதிகாரத்துக்குத் தாவுங்கள். டிலனாய் காலத்தில் இந்தக் கோட்டைக்குள் பீரங்கி வார்க்கும் உலை இருந்தது. அந்த அதிகாரம் தொடங்குவதே சுரங்கத்திலும் உலையிலும்தான். வெள்ளிக்கு ஒரு விளைவிடம் உண்டு, இரும்பு மண்ணிலிருந்து வருகிறது, செம்பு கல்லிலிருந்து உருகுகிறது, மனிதன் இருட்டுக்குள்ளும் கயிறு கட்டி இறங்கிவிடுகிறான். ஆனால் ஞானம் எங்கே கிடைக்கும்? என்னிடம் இல்லை என்கிறது ஆழம், என்னிடமும் இல்லை என்கிறது கடல். பொன் கொடுத்தும் வாங்க முடியாது. கடைசி வசனத்தில்தான் விடை: ஆண்டவருக்கு அஞ்சி நடப்பதே ஞானம், தீமையை விட்டு விலகுவதே அறிவு. இவ்வளவு பெரிய தேடலுக்கு இவ்வளவு சின்ன விடையா என்று முதல் வாசிப்பில் ஏமாற்றமாக இருக்கும். இருக்கட்டும், அந்த ஏமாற்றத்தோடு மேலே போகலாம்.

முட்டிடிச்சான் பாறை அதே புலியூர்க்குறிச்சியில்தான். கிறிஸ்தவரானபின் கைதாகி, விலங்கிட்டு இழுத்து வரப்பட்ட தேவசகாயம் தாகத்தில் முழங்கையால் இடிக்க, பாறையில் நீர் கசிந்தது என்பது மரபு. சிறு குழிதான். எட்டிப் பார்த்தால் உள்ளங்கையகலத் தண்ணீரில் மேலேயிருந்து விழும் வெளிச்சம் ஆடும். கூட்ட நாளில் ஆளுக்கு இரண்டு லிட்டர் பாட்டிலோடு வரிசையில் நிற்பதால் பின்னால் வரும் முதியவர்களுக்கு ஒரு மிடறும் கிடைக்காமல் போகிறது. நூறு மில்லி குப்பி ஒன்று போதும். இந்தத் தண்ணீரை நம்பி சர்க்கரை மாத்திரையையோ பிரஷர் மாத்திரையையோ நிறுத்துவது விசுவாசம் அல்ல. தாகத்துக்குக் கொடுக்கப்பட்ட நீர் இது, கடவுளைச் சோதித்துப் பார்க்கும் கருவியாக்க வேண்டாம். வாசிக்க வேண்டியது ஆறாம் அதிகாரம், 15 முதல் 20 வரை. காட்டாற்றை நம்பி வந்த வணிகர் கூட்டம் அது வெயிலில் வற்றிக் கிடக்கக் கண்டு வெட்கித் திரும்புகிறது. ஆறுதல் சொல்ல வந்த என் நண்பர்களும் அப்படித்தான் என்கிறார் யோபு.

முதல் நாள் பெருவிளையில் முடியட்டும். நாகர்கோவில் ஓரத்திலேயே இருப்பதால் இரவு தங்க வசதி. பல மாதம் அவரை இங்கே வேப்பமரத்தில் கட்டிப்போட்டிருந்தார்கள். பட்ட மரம் துளிர்த்தது என்பார்கள். கரும்புள்ளி செம்புள்ளி குத்தி, எருக்கம்பூ மாலை போட்டு, எருமையின் மேல் பின்பக்கம் பார்க்க உட்கார வைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனது, கசையடி, புண்ணில் காரம் தேய்த்தது என்று சிறைப்பட்டிருந்த மூன்று வருடத்தின் பட்டியல் நீளம். வழிகாட்டிகள் இதை ரசித்துச் சொல்லத் தொடங்கினால் மெல்ல நிறுத்தச் சொல்லுங்கள். குழந்தைகள் அன்றிரவு தூங்காது. 16ஆம் 19ஆம் அதிகாரங்களை வாசியுங்கள். நீங்கள் எல்லாரும் துயரம் கூட்டும் ஆறுதல்காரர்கள் என்று நண்பர்களிடம் எரிந்துவிழுகிற அதே வாய்தான் என் மீட்பர் வாழ்கிறார் என்றும் சொல்கிறது. கோபமும் விசுவாசமும் ஒரே வாயில் இருக்கலாம் என்பது நம் ஜெபக்கூட்டங்களில் அடிக்கடி சொல்லப்படாத விஷயம்.

இரண்டாம் நாள் அதிகாலை நடக்கிறவர்கள் நாகர்கோவிலிலிருந்து ஆரல்வாய்மொழிக்கு நடக்கலாம், சுமார் 15 கிலோமீட்டர். நாலு மணிக்குக் கிளம்பினால் வெயில் ஏறுமுன் சேர்ந்துவிடலாம். எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி சாலையின் வலது ஓரமாக, ஒருவர் பின் ஒருவராக. முதல் ஆளும் கடைசி ஆளும் டார்ச் வைத்திருக்க வேண்டும். புதுச் செருப்பு கூடாது. வெறுங்காலோடுதான் நடப்பேன் என்று நேர்ந்துகொண்டவர்கள் தார் சாலையின் சூட்டைவிட ஓரத்துக் கண்ணாடிச் சில்லுக்குத்தான் பயப்பட வேண்டும். வழியில் தோவாளை. பூச்சந்தை அந்நேரத்துக்குள் சூடுபிடித்திருக்கும். பிச்சியும் அரளியும் சாக்குச் சாக்காய் இறங்க, ஈரத்தரையில் வாழைநார் சிதறிக் கிடக்கும். மாலை வாங்குவதாக இருந்தால் இங்கேதான் வாங்க வேண்டும். எருக்கு மாலை போடப்பட்டவருக்குத் தோவாளை மாணிக்க மாலை.

ஆனால் ஆரல்வாய்மொழியில், அவர் கொல்லப்பட்ட காற்றாடிமலையில் ஏறுமுன், பஸ்ஸிலோ வேனிலோ வடக்கன்குளம் போய் வந்துவிடுவது நல்லது. திருவிதாங்கூர் எல்லைக்கு வெளியே, இன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில். டிலனாய் அவரைக் கடிதம் கொடுத்து அனுப்பியது இங்கிருந்த இயேசு சபைக் குரு புத்தாரியிடம். அவரும் கேட்டவுடன் கொடுத்துவிடவில்லை, சோதித்தே 1745 மே 14 அன்று ஞானஸ்நானம் கொடுத்தார். லாசர் என்ற பெயரின் தமிழ்தான் தேவசகாயம். மனைவி பார்கவி அம்மாள் ஞானப்பூ ஆனார். கணவர் இறந்தபின் சொந்த ஊரை விட்டு இங்கே வந்து தங்கி, இங்கேயே அடக்கமானார். யோபுவின் மனைவிக்கு அந்த நூலில் ஒரே ஒரு வசனம்தான், அதுவும் சாபம். வேன்கள் ஞானப்பூவுக்காக நிற்பது அபூர்வம்.

இதே ஊரில் 1872இல் கட்டி முடித்த ஆலயத்தில் ஒரே பீடத்தைப் பார்த்தபடி இரண்டு தனி மண்டபங்கள் இருந்தன. இரண்டு சாதித் தரப்பு, நடுவே சுவர். 1910இல் சுவரை இடித்தார்கள். தனியிடம் கேட்ட தரப்பு சென்னை உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. எல்லாச் சாதியாரோடும் சேர்ந்து உட்கார்ந்து உண்டதற்காகவும் வெறுக்கப்பட்ட ஒருவர் ஞானஸ்நானம் பெற்ற ஊரில், நூற்றுச் சொச்சம் வருடம் கழித்து இப்படி. இங்கே வாசிக்க 31ஆம் அதிகாரம், 13 முதல் 15 வரை: என் வேலைக்காரனுடைய வழக்கை நான் தட்டியிருந்தால் கடவுள் எழும்போது என்ன செய்வேன், தாயின் வயிற்றில் என்னை உருவாக்கியவர்தானே அவனையும் உருவாக்கினார்? 2012 டிசம்பர் 2 அன்று நாகர்கோவிலில் முத்திப்பேறு பெற்றவராக, அதாவது புனிதருக்கு முந்தைய படியில், அறிவிக்கப்பட்டபோது பெயரோடு பிள்ளை என்ற சாதிப்பட்டம் ஒட்டியிருந்தது. 2022 மே 15 அன்று ரோமில் புனிதரானபோது அது இல்லை. இன்னும் அதைச் சேர்த்து அச்சடிக்கிறவர்களைப் பார்த்தால், வாக்குவாதம் செய்வதைவிட அடுத்த நோட்டீசுக்கு நீங்களே புரூஃப் பார்த்துக் கொடுப்பது பலன் தரும்.

காற்றாடிமலை பேருக்கேற்ற இடம். ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்று, சுற்றிலும் காற்றாலைகள். ஜூன் முதல் செப்டம்பர் வரை குடை மடங்கும், தொப்பி பறக்கும், மெழுகுவர்த்தி பற்றவே பற்றாது. தீக்குச்சி டப்பாவைக் காலி செய்து சலித்துக்கொள்கிறவர்களை எப்போதும் பார்க்கலாம். பற்றாத மெழுகுவர்த்தியை அப்படியே வைத்துவிட்டு வரலாம், குற்றமில்லை. குன்று பெரிய உயரமில்லை. ஆனால் பத்து மணிக்கு மேல் பாறை கொதிக்கும், வெறுங்காலுக்கு ஆகாது. தட்டினால் மணிபோல ஒலிக்கும் பாறையில் ஆளாளுக்குக் கல்லால் அடித்துப் பார்க்கிறார்கள். ஒருமுறை, மெதுவாக, போதும்.

1752 ஜனவரி 14, இரவில் தேவசகாயத்தை இங்கே சுட்டுக் கொன்றார்கள். திருநாளும் அன்றுதான். பொங்கல் அன்றோ மறுநாளோ வருவதால் பஸ்ஸில் கால் வைக்க இடமிருக்காது, தோவாளையில் பூ விலை கேட்கவே வேண்டாம். அமைதி தேடுகிறவர்கள் ஒரு வாரம் தள்ளி வரலாம். தண்டனைக்குக் காரணம் மதமல்ல, அரசகுற்றமே என்று வாதிடும் வரலாற்றாளர்களும் உண்டு. அதைக் கேட்டவுடன் வாட்ஸப்பில் வாள் உருவுகிறவர்கள் யாக்கோபு எழுதிய திருமுகத்தில் 3:17ஐ ஒருமுறை பார்க்கட்டும். மேலிருந்து வரும் ஞானம் சமாதானத்தை நாடும், பொறுமையுள்ளது, இணங்கிப் போகும் என்றிருக்கிறது.

இங்கே 38 முதல் 41 வரை நாலு அதிகாரம், அவசரப்படாமல், காற்றை மீறிக் கேட்கும்படி உரக்க. கடவுள் யோபுவோடு பேசுவது சூறாவளியிலிருந்துதான். பேசுகிறார், ஆனால் ஏன் எனக்கு இது என்ற கேள்விக்கு ஒரு வரியும் பதில் இல்லை. மண்ணுக்கு அடித்தளம் போட்டபோது நீ எங்கே இருந்தாய், வரையாடு ஈனும் காலம் உனக்குத் தெரியுமா, கழுகு உன் சொல் கேட்டா உயரே கூடு கட்டுகிறது என்று கேள்விமேல் கேள்வி. உதயகிரியில் சின்னதாகத் தெரிந்த விடை இங்கே வேறு அளவில் தெரியும். கைவிலங்கோடு இந்தப் பாறையில் முழந்தாளிட்டவர் காரணம் தெரிந்துகொண்டு சாகவில்லை. தெரியாமலே ஆண்டவரை விடாமல் இருந்தார்.

உடலைக் காட்டில் எறிந்துவிட்டார்கள். சில நாள் கழித்து எலும்புகளைப் பொறுக்கியெடுத்துக் கோட்டாறு சவேரியார் ஆலயப் பீடத்தின் முன் அடக்கம் செய்தார்கள். இன்று அது பேராலயம். நவம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் 3 வரை சவேரியார் திருவிழா என்பதால் அந்தப் பத்து நாளும் கல்லறையருகே நின்று ஜெபிக்க வாய்ப்பு குறைவு. மற்ற நாளில் மாலைத் திருப்பலிக்கு ஒரு மணி நேரம் முன்னால் போனால் இடமும் அமைதியும் இருக்கும்.

கடைசி அதிகாரம், 42. ஆடு பதினாலாயிரம், ஒட்டகம் ஆறாயிரம், எல்லாம் இரட்டிப்பு. மேடைகளில் இதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள். திரும்பவும் ஏழு மகன், மூன்று மகள். அவர்கள் மட்டும் இரட்டிக்கவில்லை. இழந்த பிள்ளைக்கு ஈடு கிடையாது என்பது அதை எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது. கல்லுக்கடியில் இருப்பவருக்கோ 42ஆம் அதிகாரமே வரவில்லை. மாடும் திரும்பவில்லை, வேலையும் திரும்பவில்லை, வீடும் திரும்பவில்லை. இதை அந்தக் கல்லின் பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பதற்குத்தான் இரண்டு நாள்.

எந்த நேரத்தில் போனாலும் அங்கே யாராவது அழுதுகொண்டிருப்பார்கள். அருகில் போய் வசனம் சொல்லவோ, எல்லாம் நன்மைக்கே என்று தட்டிக்கொடுக்கவோ வேண்டாம். யோபுவின் நண்பர்கள் செய்ததில் உருப்படியானது ஒன்றுதான், ஏழு நாள் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்தது. தள்ளி உட்கார்ந்து இடம் கொடுங்கள், பாட்டிலில் தண்ணீர் மிச்சமிருந்தால் அவர் பக்கம் நகர்த்தி வையுங்கள்.