எந்த மாவட்டம் சார்?

ஒழலப்பதியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா, வடகரப்பதி பஞ்சாயத்து. வீட்டில் பேசுவது தமிழ், ரேஷன் அட்டையில் இருப்பது மலையாளம். கடையின் கிழக்கு ஓரத்தில் போய் நின்றால் கைப்பேசி தமிழ்நாட்டுக் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும். உள்ளே வந்து உட்கார்ந்தால் கேரளத்துக்குத் திரும்பிவிடும். வெகுநாள் இதை வேடிக்கையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு மார்ச் மாதம், இரண்டாம் போக அறுவடை முடிந்த சமயம். உயரமாக வைக்கோல் ஏற்றி வந்த லாரி, தொய்ந்து கிடந்த மின்கம்பியில் உரசிவிட்டது. வெல்டிங் பொறி போலச் சில துளிகள் விழுந்தன, அவ்வளவுதான். பத்தடி தள்ளிப் போவதற்குள் வைக்கோலின் நடுவிலிருந்து மஞ்சள் புகை கிளம்பியது. இரு பக்கமும் வீடுகள். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துவிட்டார், ஆனால் நிறுத்தவில்லை. ஊரைத் தாண்டி ஓட்டிப்போய், வேலியைச் சாய்த்துக்கொண்டு அறுத்த வயலில் இறக்கிவிட்டுத்தான் குதித்தார். நானாக இருந்தால் அங்கேயே குதித்திருப்பேன்.

கடையின் கிழக்கு ஓரத்திலிருந்து அவசர உதவி எண் 112ஐ அழைத்தேன்.

“எந்த மாவட்டம் சார்?”

தமிழ்க் குரல் கேட்டதும் நிம்மதி. “பாலக்காடு.”

“அது கேரளமாயிற்றே சார்?”

ஒழலப்பதி எங்கே இருக்கிறது என்று கத்திக் கத்தி விளக்கினேன். மாரியம்மன் கோயில் என்றேன், வேப்பமரம் என்றேன். எங்கள் ஊரில் அந்த வேப்பமரத்தைத் தெரியாத நாய்கூடக் கிடையாது. சென்னையில் உட்கார்ந்திருப்பவருக்கு எப்படித் தெரியும்? அவரைக் குறை சொல்ல மாட்டேன். எந்த மாநிலக் கோபுரத்தைப் போன் பிடிக்கிறதோ அந்த மாநிலத்துக்கு அழைப்பு போகிறது. இந்தப் பக்கத்துக் கோபுரமாக இருந்திருந்தால் திருவனந்தபுரத்தில் எடுத்திருப்பார்கள்.

அதற்குள் பால் சொசைட்டிக்காரர் ஒருவர் சுவரில் எழுதி வைத்திருந்த சித்தூர் தீயணைப்பு நிலையத்தின் நேரடி எண்ணை, 04923 என்ற எஸ்டிடி கோடு சேர்த்து, அழைத்துவிட்டார். கோடு போட்டு அழைத்தால் கோபுரம் எதுவானாலும் மணி அந்த மேசையில்தான் அடிக்கும். இது எனக்குத் தோன்றவில்லை.

இன்னொரு கூத்தும் நடந்தது. கம்பி அறுந்து தொங்கியதால் மின்வாரியப் புகார் எண் 1912க்குச் சொல்லி மின்சாரத்தை நிறுத்தினார்கள். சரியான காரியம்தான். ஆனால் மின்சாரம் நின்றதும் பக்கத்துத் தோட்டத்து போர்வெல் மோட்டாரும் நின்றது. தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்த குழாய் கையிலேயே துவண்டுபோனது. இருபது வருடமாக மோட்டார் கட்டுகிறவன் நான். மின்சாரம் இல்லாவிட்டால் மோட்டார் ஓடாது என்பதை அன்றைக்குத்தான் கண்டுபிடித்தவன் போல விழித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் குடிதண்ணீர் விற்கும் டிராக்டர் டேங்கர்தான் உதவியது. தீயணைப்பு வண்டி வர அரை மணி நேரமானது. லாரியில் இரும்பு மட்டும் மிஞ்சியது. பக்கத்துக் கட்டுத்தறிக்குத் தீ தாவவில்லை.

இதற்குப் பிறகுதான் சிவில் டிஃபென்ஸில் பெயர் கொடுத்தேன். 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளத் தீயணைப்புத் துறை உருவாக்கிய தன்னார்வலர் படை அது. 124 நிலையங்கள், நிலையத்துக்கு 50 பேர் என்று திட்டமிட்டுத் தொடங்கினார்கள். வெளிநாடுகளில் தன்னார்வலர்களே தீயணைப்பு வண்டியை ஓட்டிப் போவார்களாம். எங்களுக்கு அந்த மரியாதையெல்லாம் கிடையாது. வண்டி வரும்வரை கூட்டத்தைத் தள்ளி நிறுத்துவது, பைக்குகளை ஓரம்கட்டி வழி விடுவது, எந்தக் கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, யாரிடம் டீசல் என்ஜின் இருக்கிறது என்று தெரிந்து வைத்திருப்பது, இவைதான் எங்கள் வேலை. இதில் கடினமானது வீடியோ எடுப்பவர்களை நகர்த்துவது. தீயாவது தண்ணீருக்கு அடங்கும்.

பயிற்சி மலையாளத்தில். நான் கடைக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் தமிழில் எழுதிக்கொண்டேன். கிணற்றில் விழுந்தவரைத் தூக்க நாற்காலி முடிச்சு: இரண்டு வளையம், ஒன்று அக்குளுக்கு, ஒன்று முழங்காலுக்கு. கேஸ் சிலிண்டர் வாயில் தீ என்றால் நனைத்த சாக்கு. வாத்தியார் அதைப் பற்றவைத்துக் காட்டியபோது எனக்குக் கால் பின்னால் போனது உண்மை. மூன்றாவது முறைதான் சாக்கைச் சரியாகப் போர்த்தினேன்.

இப்போது எங்கள் தெருவில் பார்ப்பவர்களிடமெல்லாம் ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். போனை எடுத்ததும் தீ என்று அலறாதீர்கள், முதலில் மாநிலம், பிறகு மாவட்டம், பஞ்சாயத்து, சாலை. வேப்பமரம் கடைசியில். வண்டிக்கு வழிகாட்ட முச்சந்தியில் ஒரு ஆளை நிறுத்துங்கள்.

அந்த விவரத்தையும் நிலையத்தின் எண்ணையும் கடை ஷட்டரில் இரண்டு மொழியிலும் எழுதச் சொன்னேன். பெயின்டர் தமிழைச் சரியாக எழுதினார், மலையாளத்தில் வடகரப்பதியில் ஒரு எழுத்தை விழுங்கிவிட்டார். திரும்பக் கூப்பிட்டால் இன்னொரு கூலி கேட்பார் என்று காயிலுக்கு அடிக்கும் வார்னிஷைத் தொட்டு நானே அதைச் செருகினேன். நீல எழுத்துகளுக்கு நடுவே அது ஒன்று மட்டும் பழுப்பாகத் தெரிகிறது.