ரத்தத்துல நிறைய இருக்கு, மூளைக்குப் போகல

தைராய்டு டெஸ்ட் பாக்குற பெஞ்ச்ல 14 வருஷமா இருக்கேன். காலைல மெஷின் சரியா இருக்கான்னு பாக்குற கண்ட்ரோல் சாம்பிள ஓட்டி சரியா வந்துருச்சுன்னா அப்புறம் டியூப்ப ஏத்திக்கிட்டே இருக்க வேண்டியதுதான், டிஎஸ்எச், அதாவது தைராய்ட சுரக்கச் சொல்லி பிட்யூட்டரி அனுப்புற ஹார்மோன், நார்மலா இருந்தா அந்த ரிப்போர்ட்ட ரெண்டாவது தடவை யாரும் பாக்க மாட்டோம், நானும் அப்படித்தான் இருந்தேன், அந்தப் பையனோட சாம்பிள் வர்ற வரைக்கும்.

ரெண்டு வயசு முடிஞ்ச பையன். தலை நிக்கல, உக்கார முடியல, எடை ஏறவே மாட்டேங்குதுன்னு பாரத்துல எழுதியிருந்துச்சு. டிஎஸ்எச் நார்மல். தைராய்டு ஹார்மோன் ரெண்டுல, ஃப்ரீ டி4 கொஞ்சம் கம்மி, டி3 மட்டும் ரேஞ்சத் தாண்டி எங்கயோ நிக்குது. டி3 இவ்ளோ ஏறுனா டிஎஸ்எச் அடியில போய் படுத்திருக்கணும், ஒண்ணோட ஒண்ணு ஒட்டவே இல்ல. மெஷின் தப்புன்னு நெனச்சு திரும்ப ஓட்டினேன், சீரத்துல ஏதாவது ஆன்டிபாடி குறுக்க நிக்குதோன்னு வேற மெத்தட்லயும் பாத்தாச்சு, அதே நம்பர். அவனுக்கு ஆறு மாசம் இருக்கப்போ வேற எங்கயோ எடுத்த பழைய ரிப்போர்ட் ஒண்ணு கூட இருந்துச்சு, அதுல டிஎஸ்எச் மட்டும் பாத்துட்டு நார்மல்னு போட்டிருந்தாங்க, டி3 யாருமே கேக்கல. நரம்பு டாக்டருக்கு போன் போட்டு சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் "அந்த டி3 நிச்சயம்தானா"ன்னு மட்டும் கேட்டார். ஜீன் டெஸ்ட்ல எம்சிடி8ங்கிற புரோட்டீன்ல கோளாறுன்னு வந்துச்சு.

ரிப்போர்ட் வாங்க வந்த அந்த அம்மா என்கிட்ட கேட்டது இன்னும் காதுல இருக்கு: "ஹார்மோன் ரத்தத்துல ஜாஸ்தின்றாங்க, மூளைக்குப் பத்தலன்றாங்க, ரெண்டும் எப்படி மேடம் ஒரே உடம்புல இருக்கும்?" எனக்கு அப்போ பதில் சொல்லத் தெரியல, டாக்டர் விளக்குவாங்கம்மான்னு அனுப்பிட்டேன். அன்னிக்கு ராத்திரியே படிக்க உக்காந்தேன்.

நாங்க படிச்ச காலத்துல சுமக்குற புரோட்டீன்னா ரத்தத்துல மிதக்குறதுதான், டிபிஜி, ஆல்புமின், டிரான்ஸ்தைரெட்டின். டி4ல 99.9 சதவீதத்துக்கும் மேல இதுங்க பிடியிலதான் இருக்கும், நாங்க அளக்குற ஃப்ரீ டி4 மிச்சம் இருக்குற துளி. டிரான்ஸ்தைரெட்டின கல்லீரல் மட்டும் இல்ல, மூளைக்குள்ள தண்டுவட நீர் ஊறுற கோராய்டு பிளெக்சஸும் தனியா தயாரிக்குது, அந்த நீர்ல டி4ஐ முக்கியமா சுமக்குறது அதுதான். சரி, செல்லுக்குள்ள எப்படிப் போகுது? கொழுப்புல கரையுற ஹார்மோன், சவ்வு வழியா தானா ஊறிப் போயிடும்னுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தாங்க. அது தப்பு. சவ்வுலயே பதிஞ்சு நிக்கிற இன்னொரு வகை புரோட்டீன் கையப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போகணும், எம்சிடி8 அந்த வகை, அது தைராய்டு ஹார்மோனக் கடத்துதுன்னு தெரிஞ்சதே 2003ல. இந்த நோய மூணு பேர் சேந்து எழுதி வச்சது 1944ல, காரணம் இந்த புரோட்டீன்தான்னு பிடிபட்டது 2004ல. நடுவுல 60 வருஷம். எத்தனை அம்மாக்கள் இதே கேள்வியோட திரும்பிப் போயிருப்பாங்க.

மூளைக்குள்ள நுழையுற ரத்தக்குழாய்ச் சுவர்ல மனுஷங்களுக்கு பெரும்பாலும் இந்த எம்சிடி8தான் வழி. எலிக்கு ஓஏடிபி1சி1னு இன்னொரு புரோட்டீன் அங்க நிறைய இருக்கு, அதனால எம்சிடி8 இல்லாத எலி ஓரளவு சமாளிச்சிடுது, நம்ம குழந்தைங்களால முடியல. கல்லீரலுக்கும் இதயத்துக்கும் வேற வழி இருக்குறதால அங்க டி3 அளவுக்கு மீறிப் பாயுது, இதயம் வேகமா அடிக்குது, எடை கரையுது, அதே நேரம் மூளை பட்டினி. இதோட ஜீன் எக்ஸ் குரோமோசோம்ல இருக்குறதால இந்த நோய் வர்றவங்க கிட்டத்தட்ட எல்லாருமே ஆம்பளப் பசங்கதான்.

அடுத்த தடவை அந்த அம்மா வந்தப்போ இதையெல்லாம் சொன்னேன். அமைதியா கேட்டுட்டு, வேற வழியா உள்ள அனுப்ப முடியாதான்னாங்க. ட்ரையாக்னு ஒரு மருந்து இருக்கு, டி3 மாதிரியே வேலை செய்யும், உள்ள போக எம்சிடி8 வேண்டாம், 2019ல வந்த ஆய்வுல டி3 நல்லா இறங்குச்சு, 2025ல ஐரோப்பால அனுமதியும் கெடச்சுது. எடைக்கும் இதயத்துக்கும் அது உதவும். ஆனா மூளைக்கு ஹார்மோன் அதிகமா தேவைப்படுறது கருவுல இருக்கப்பவும் பொறந்த முதல் மாசங்கள்லயும், அந்தக் காலம் அவனுக்குப் போயிடுச்சு. அதையும் மறைக்காம சொன்னேன். அதச் சொல்லும்போது அந்த ஆறு மாச ரிப்போர்ட்தான் கண்ணுக்குள்ள வந்துச்சு.

இப்போ சின்னக் குழந்தையோட பாரத்துல தலை நிக்கலன்னு எழுதியிருந்தா, டிஎஸ்எச் நார்மலா இருந்தாலும் அந்த டியூப்ப ஃப்ரிட்ஜ்ல தனியா எடுத்து வச்சுட்டு, டி3யும் ஓட்டவான்னு டாக்டருக்கு போன் பண்றேன். பெரும்பாலும் வேண்டாம்னுதான் வரும். இதுவரைக்கும் ரெண்டு பேர் சரின்னாங்க, ரெண்டு குழந்தைக்கும் டி3 நார்மல்.