மோட்டார்ஹோமின் முகத்தில் 47 வடுக்கள்

ஓடிய தூரம்: 41,200 கி.மீ.

நீண்ட பயணம் ஒன்று முடிந்து எங்கள் மோட்டார்ஹோமை, அதாவது படுக்கையோடு வீடு போல அமைந்த வண்டியை, கழுவிக்கொண்டிருந்தேன். பானெட்டின் விளிம்பில் பூச்சிக் கறை போல ஒரு புள்ளி. ஈரத் துணியால் தேய்த்தேன்; போகவில்லை. நகத்தால் தடவியபோது சின்னப் பள்ளம் தட்டுப்பட்டது. பெயின்ட் பெயர்ந்து, நடுவில் ஊசிமுனை அளவுக்குத் துரு பூத்திருந்தது. நான்கு விரற்கடை தள்ளி இன்னொன்று. அதற்குப் பக்கத்தில் மூன்று.

வாளியை ஓரமாக வைத்துவிட்டு மாஸ்கிங் டேப்பை எடுத்து வந்தேன். கல் தெறித்த ஒவ்வொரு வடுவின் பக்கத்திலும் ஒரு துண்டு டேப்பைக் கிழித்து ஒட்டிக்கொண்டே போனேன். முடித்துவிட்டுப் பத்தடி பின்னால் வந்து பார்த்தபோது மனம் கனத்தது. மொத்தம் 47.

எண்ணிக்கையைவிட அவை இருந்த இடங்கள்தான் எனக்கு நிறையச் சொல்லின. பானெட்டின் முன்விளிம்பிலிருந்து ஒரு சாண் அகலத்துக்குள் 21. ஓட்டுநர் இருக்கைக்கு மேலே துருத்திக்கொண்டிருக்கும் படுக்கைப் பகுதியின் நெற்றியில் 14. பம்பரில் 7, ஹெட்லைட்களில் 3, பக்கவாட்டுக் கண்ணாடிகளின் உறையில் 2. பானெட்டின் பின்பாதியில் ஒன்றுகூட இல்லை. காரணம் எளிது. சாய்ந்த பரப்பில் படும் கல் வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது. காற்றை நேராக எதிர்கொண்டு நிமிர்ந்து நிற்கும் பரப்பு முழு அடியையும் வாங்கிக்கொள்கிறது. காரில் இல்லாத அந்த நெற்றிதான் மோட்டார்ஹோமின் தனிப் பலவீனம். பானெட்டுக்கு மேலே எகிறும் கல்லுக்கும் அங்கே ஒரு சுவர் காத்திருக்கிறது.

எங்கே அடி விழுகிறதோ அங்கே மட்டும் கவசம் போட்டால் போதும் என்று அன்றே முடிவு செய்தேன். இந்த வேலையில் நான் எடுத்த முடிவுகளில் அதுதான் மிகச் சரியானது என்று இன்றும் நினைக்கிறேன்.

44,600 கி.மீ.

முதலில் முயன்றது துணி உறை. பானெட்டின் முன்பகுதியை இழுத்து மூடிக் கொக்கிகளால் மாட்டும் வகை. வெளியே வினைல், உள்ளே மென்மையான ஃபெல்ட். ஒரே நிமிடத்தில் மாட்டிவிடலாம். மூன்று பயணங்கள் அதை மாட்டிக்கொண்டே போனேன். உறைக்கு அடியில் புதிய வடு ஒன்றுகூட விழவில்லை என்பது உண்மை. ஆனால் மூன்றாம் பயணத்தில் விடாமல் மழை. வீடு திரும்பி உறையைக் கழற்றியபோது ஃபெல்ட் பிழியும் அளவுக்கு நனைந்திருந்தது. அதன் இழைகளுக்குள் மாவு போன்ற புழுதி. ஓடும்போது உறை துடிக்கத் துடிக்க, அந்தப் புழுதி உப்புத்தாள் போலப் பெயின்டைத் தேய்த்திருக்கிறது. கொக்கி மாட்டும் இரு மூலைகளிலும் உள்ளங்கை அளவுக்குப் பளபளப்பு மங்கிவிட்டது. ஈரத்தால் வந்த வெண்படலம் இரண்டு நாள் வெயிலில் மறைந்தது, மங்கல் மறையவில்லை.

உறையைக் குறை சொல்ல மாட்டேன். மாட்டுவதற்கு முன் பானெட்டைச் சுத்தமாகக் கழுவி, பயணம் முடிந்ததும் கழற்றி உலர்த்துகிறவர்களுக்கு அது உதவும். மாதக்கணக்கில் மாட்டியே வைத்திருப்பவர்கள் தயவுசெய்து ஒருமுறை கழற்றிப் பாருங்கள்.

செராமிக் பூச்சு பூசினால் கல் ஒன்றும் செய்யாது என்று பலர் சொன்னார்கள். அந்தப் பூச்சின் தடிமன் சில மைக்ரான்கள்தான். பூச்சிக் கறை எளிதாகப் போகும், கழுவுவது சுலபமாகும். கல்லின் அடியை அதனால் தாங்க முடியாது. அந்த வழியே நான் போகவில்லை.

இந்த இடைவெளியில்தான் மனைவி ஒரு வார்த்தை சொன்னார். “கவசம் போடுவது இருக்கட்டும். முன்னால் போகும் லாரியை இவ்வளவு நெருங்கி ஓட்டாதீர்கள். எனக்குப் பக்கத்தில் உட்காரவே பயமாக இருக்கிறது.” உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். முன்வண்டியின் டயர் தூக்கி எறியும் கல் காற்றில் மேலெழுந்து வேகம் இழந்துவிடுகிறது. பெரும்பாலும் அது வந்து நம்மை அடிப்பதில்லை. நாம்தான் போய் அதன்மேல் மோதுகிறோம். மோதலின் ஆற்றல் வேகத்தின் இருமடிப்படி ஏறும். 80 கி.மீ. வேகத்தில் வாங்கும் அடியைவிட 100 கி.மீ. வேகத்தில் வாங்குவது ஒன்றரை மடங்குக்கும் அதிகம். அன்று முதல் முன்வண்டியுடன் குறைந்தது நான்கு விநாடி இடைவெளி விடுகிறேன். புதிதாகத் தார் ஊற்றி ஜல்லி தூவிய சாலையில் இன்னும் அதிகம். அங்கே மிதிவண்டி வேகத்துக்கே இறங்கிவிடுகிறேன். செலவே இல்லாத இந்தக் கவசத்தைத்தான் யாருக்கும் முதலில் சொல்வேன்.

அதே 44,600 கி.மீ.யில் நான்கு வாரங்கள்

கடைசியில் பெயின்டின்மேல் ஒட்டும் ஒளிபுகும் படலம்தான் சரி என்று முடிவு செய்தேன். அதை ஒட்டுவதற்கு முன்பு பழைய வடுக்களை ஆற்ற வேண்டும். துருவின்மேல் படலத்தை ஒட்டினால், துரு உள்ளேயே இருந்து வளரும்.

பானெட் எஃகு. அங்கே ஒவ்வொரு வடுவையும் தனித்தனியாகப் பார்த்தேன். கண்ணாடி இழை வைத்த பேனா போன்ற சுரண்டியால் துருவை மெல்லச் சுரண்டினால் பழுப்பு போய் வெள்ளியாய் உலோகம் தெரியும். அந்தப் புள்ளி கடுகு அளவுதான். அதைச் சுற்றி, வெட்டிய மரத்தின் வளையங்கள் போல அடுக்குகள்: சாம்பல் நிற பிரைமர், அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடி போன்ற கிளியர் கோட். இத்தனை அடுக்குகளும் சேர்ந்து எழுதும் தாள் ஒன்றின் தடிமன்தான், ஏறத்தாழ 100 முதல் 150 மைக்ரான். கல்லுக்கும் உலோகத்துக்கும் நடுவே இவ்வளவுதான் இருக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகுதான் வேலையின் அருமை புரிந்தது.

துரு மாற்றித் திரவம் ஒரு துளி, உலர்ந்ததும் பிரைமர், பிறகு நிறம். புட்டியோடு வரும் தூரிகையைப் பயன்படுத்தாதீர்கள். அது வடுவைவிடப் பெரிய பொட்டு வைத்துவிடும். பல்குத்தும் குச்சியின் முனையில் ஒரு துளி எடுத்துப் பள்ளத்தின் நடுவில் தொட்டால், அது தானே விளிம்புவரை பரவிக்கொள்கிறது. உலர உலர நிறம் உள்வாங்கும். ஆகவே மூன்று முறை தொட வேண்டியிருந்தது. கடைசியில் கிளியர் கோட் ஒரு துளி.

நெற்றி ஃபைபர் கிளாஸ், துருப் பிடிக்காது. ஆனால் அதன் மேலடுக்கான ஜெல்கோட்டில் விரிசல் விழுந்தால் தண்ணீர் உள்ளே இறங்கும். 14 வடுக்களில் மூன்றில் நட்சத்திரம் போன்ற விரிசல் இருந்தது. அவற்றைக் கூரிய முனையால் சற்றே அகலப்படுத்தி, ஜெல்கோட் நிரப்பி, இறுகியபின் நீர் விட்டு மெல்லிய உப்புத்தாளால் சமன் செய்தேன்.

பிறகு காத்திருப்பு. புதுப் பெயின்டிலிருந்து கரைப்பான் முழுவதும் ஆவியாக வேண்டும். அதற்குள் மூடினால் படலத்துக்கு அடியில் கொப்புளம் வரும். நான்கு வாரங்கள் வண்டியை எடுக்கவே இல்லை.

44,650 கி.மீ.

படலம் என்று நான் சொல்வது பிபிஎஃப், அதாவது பெயின்டைக் காக்கும் ஒளிபுகும் ஃபிலிம். வியட்நாம் போர்க் காலத்தில் ஹெலிகாப்டரின் சுழலும் இறக்கைகளை மணலிலிருந்து காக்க உருவான பாலியூரித்தேன் நாடாதான் இதன் மூதாதை. நான் வாங்கியது 200 மைக்ரான் தடிமன். நம் பெயின்டைவிடத் தடிமனானது, அதோடு ரப்பர் போல அமுங்கி எழும். விலை குறைவான பிவிசி ஃபிலிமும் கிடைக்கிறது. அதற்கு இவ்வளவு நெகிழ்வு இல்லை. வெயிலில் மஞ்சளாகும், இறுகும். ஓரிரு சாண் அகலத்துக்குத்தான் வேண்டும் என்பதால் நல்லதையே வாங்க முடிந்தது.

முதல் துண்டு பாழாயிற்று. மெழுகுப் பாலிஷ் போட்ட பானெட்டை ஷாம்பு போட்டுக் கழுவினால் போதும் என்று நினைத்துவிட்டேன். மறுநாள் காலையில் விளிம்பு முழுவதும் எழுந்து நின்றது. இரண்டாம் முறை ஷாம்பு, தார்க் கறை நீக்கி, ஒட்டிய துகள்களை எடுக்கும் களிமண் கட்டியால் தேய்ப்பு, கடைசியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து துடைப்பு என்று ஒழுங்காகச் செய்தேன். நெற்றியில் இன்னும் ஒரு படி கூடுதல். வெயிலில் கிடந்த ஜெல்கோட் சுண்ணாம்பு போல வெளிறியிருந்தது. அந்தப் பொடியின்மேல் பசை பிடிக்காது. பாலிஷ் போட்டுப் பொடி முழுவதையும் எடுத்த பிறகே ஒட்டினேன்.

நெற்றியில் ஜன்னல் உள்ளவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள். அது கண்ணாடி அல்ல, அக்ரிலிக். ஆல்கஹால் பட்டால் உள்ளுக்குள் மயிரிழை விரிசல்கள் ஓடும், திருத்தவே முடியாது. நான் அந்த ஜன்னலைப் பாலிதீன் தாளால் மூடி, நான்கு பக்கமும் டேப் ஒட்டிய பிறகே ஆல்கஹால் புட்டியைத் திறந்தேன்.

அளவுக்குச் செய்தித்தாளை வெட்டி மாதிரி எடுத்து, ஃபிலிமைத் தரையில் வைத்தே வெட்டினேன். வண்டியின்மேல் வைத்துக் கத்தியால் வெட்டினால், பெயின்டிலும் கோடு விழும். அந்தக் கோட்டிலிருந்து துரு தொடங்கும். மூலைகள் எல்லாம் வளைவாக. கூர் மூலைதான் முதலில் எழும்பும்.

ஒட்டும் விதம்: ஒரு லிட்டர் தண்ணீரில் குழந்தைகளுக்கான ஷாம்பு சில துளிகள். பானெட், ஃபிலிமின் பசைப்பக்கம், நம் விரல்கள் எல்லாமே அந்த நீரில் நனைந்திருக்க வேண்டும். உலர்ந்த விரல் பட்டால் ரேகை பசையில் அப்படியே பதிந்துவிடும். மனைவி ஒரு முனையைப் பிடிக்க, நான் மறுமுனையைப் பிடித்து மெல்ல இறக்கினோம். ஈரத்தில் அது மீன் போல வழுக்கும். இடம் பார்த்து நகர்த்திக்கொள்ளலாம். சரியான இடத்தில் அமர்ந்ததும் ஸ்க்வீஜியால், அதாவது நீரை வழிக்கும் தட்டையான பட்டையால், நடுவிலிருந்து வெளிப்பக்கமாக நீரைத் தள்ளினேன். ஸ்க்வீஜி போன பாதையில் பால் போன்ற மங்கல் விலகி, பானெட்டின் நிறம் பளிச்சென்று எழுந்து வந்தது. இரண்டு வளைவுகளில் மட்டும் சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னால் இதமாகச் சூடு காட்டி அமுக்கினேன். அதிகம் இழுக்கக் கூடாது. இழுத்தது பிறகு சுருங்கப் பார்க்கும்.

நெற்றிக்கு ஒரே துண்டு போதவில்லை. இரண்டு பட்டைகள், நடுவில் ஒரு மேற்பொருத்தம். ஓடு வேய்வது போல மேல்பட்டை கீழ்ப்பட்டையின்மேல் வர வேண்டும் என்பதுதான் கை பழகிய வழக்கம். ஆனால் அந்த இடத்தில் ஓட்டத்தின்போது காற்று கீழிருந்து மேலே ஏறுகிறது. ஓடு போல வேய்ந்தால் காற்று நேராக விளிம்புக்குள் நுழையும். அதனால் கீழ்ப்பட்டையை மேல்பட்டையின்மேல் படியவிட்டேன். மழைநீர் அந்த விளிம்பில் நின்று ஓர் அழுக்குக் கோடு வரும் என்று தெரியும். வந்தும்விட்டது. கோடு துடைத்தால் போகும். பிய்ந்த ஃபிலிம் திரும்ப வராது.

ஒரு வாரம் கழுவவில்லை. நீர்க் கொப்புளங்கள் பத்து நாளில் தாமாக வற்றின. உள்ளே மாட்டிய இரண்டு தூசித் துணுக்குகள் மட்டும் அப்படியே இருக்கின்றன.

47,000 கி.மீ.

பம்பரின் கீழ்வாய் வழியாக டார்ச் அடித்துப் பார்த்தபோது ஏசி கண்டென்சரின் அலுமினியத் தகடுகள் ஆங்காங்கே மடங்கிக் கிடந்தன. அங்கே ஒரு கல் துளைத்தால் குளிர்வாயு முழுவதும் போய்விடும். துருப்பிடிக்காத எஃகு வலையை, 6 மி.மீ. கண் உள்ளதாகப் பார்த்து, கிரில்லுக்குப் பின்னால் கேபிள் டையால் கட்டினேன். இதைவிட நெருக்கமான கண் காற்றை அடைக்கும். ஏற்றத்தில் என்ஜின் வெப்ப முள்ளைக் கவனித்துக்கொண்டே ஓட்டினேன், நகரவில்லை.

முன் கண்ணாடியில் ஃபிலிம் ஒட்டவில்லை. அதற்கு வண்டியில் எப்போதும் தெளிவான டேப் ஒரு சுருள் வைத்திருக்கிறேன். கல் பட்டால் உடனே அந்த இடத்தில் ஒட்டிவிட்டால், விரிசலை அடைக்கும் ரெசின் பிசினை நிரப்பும் வரை ஈரமும் அழுக்கும் உள்ளே போகாது.

52,300 கி.மீ.

மறுபடியும் மாஸ்கிங் டேப்போடு சுற்றி வந்தேன். ஃபிலிம் ஒட்டிய இடங்களில் ஒன்பது அடித்தடங்கள். ஆறு வெறும் மழுங்கிய புள்ளிகள். விரலுக்குத் தட்டுப்படவே இல்லை. இரண்டு மெல்லிய கீறல்கள், வெந்நீர் ஊற்றியதும் கண்ணெதிரே மறைந்தன. நெற்றியில் ஒன்று மட்டும் ஃபிலிமைக் கிழித்திருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கீழே ஜெல்கோட்டில் விரிசல் இல்லை. ஃபிலிம் இல்லாத பம்பரின் அடிப்பகுதியில் புதிதாக நான்கு வடுக்கள். அங்கேயும் ஒரு பட்டை ஒட்ட வேண்டும்.

குனிந்து பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. முன்சக்கரங்களுக்குப் பின்னால், கதவுக்குக் கீழே உள்ள விளிம்பில் பெயின்ட் பொரிந்திருக்கிறது. அது முன்வண்டியின் வேலை இல்லை, என் டயர்களே எறிந்த கற்கள். சக்கரத்துக்குப் பின்னால் தொங்கவிடும் அகலமான மட்ஃபிளாப் தடுப்புகள் இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன். இந்த வாரம் வண்டியை ஜாக்கியில் ஏற்றி, துருவைச் சுரண்டுவதிலிருந்து தொடங்குகிறேன்.