எத்தனை பேரில் எத்தனை பேர்?

வடசென்னையில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு அறிவியல் நடத்தும் எனக்கு நுண்ணுயிரிகளைப் பற்றிய பாடத்தின் மீது தனிப் பற்று உண்டு. காலராவுக்கு விப்ரியோ காலரே, டெங்குவுக்கு ஏடிஸ் கொசு என்று பொருத்துக வினாக்களுக்கு விடை எழுதுவதில் எங்கள் பிள்ளைகள் எவருக்கும் சளைத்தவர்கள் அல்லர். ஆனால், ஒரே வாரத்தில் ஒரு தெருவில் பலருக்கு வயிற்றுப்போக்கு கண்டால் முதலில் எதை விசாரிப்பீர்கள் என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். நோய் யாருக்கு, எங்கே, எப்போது, எத்தனை பேரில் எத்தனை பேருக்கு வந்தது என்று கேட்கும் நோய்ப்பரவலியலைப் பதினான்கு வயதிலேயே கற்பிக்க முடியும் என்பது என் உறுதியான கருத்து. தொடக்க நிலையில் அதற்கு விழுக்காடு போடத் தெரிந்தால் போதும்.

ஐந்நூறு பேர் வாழும் ஒரு தெருவில் பத்துப் பேருக்கும், அறுபது பேர் வாழும் இன்னொரு தெருவில் ஆறு பேருக்கும் நோய் என்று கரும்பலகையில் எழுதி, எந்தத் தெருவுக்கு முதலில் போக வேண்டும் என்று கேட்பேன். பெரும்பாலோர் பத்துப் பேர் உள்ள தெருவையே சொல்வார்கள். இரண்டு விழுக்காடு, பத்து விழுக்காடு என்று அவர்களே கணக்கிட்ட பிறகு வகுப்பில் எழும் சலசலப்பிலிருந்துதான் உண்மையான பாடம் தொடங்குகிறது.

அதன் பின்னரே, காலரா பரவிய 1854ஆம் ஆண்டு லண்டனுக்குப் போவோம். அந்நோய் தண்ணீர் வழியே பரவுகிறது என்று காட்டிய மருத்துவர் ஜான் ஸ்நோவைப் பற்றிச் சொல்பவர்கள் பெரும்பாலும், நோய்க்குக் காரணம் என்று அவர் கருதிய பிராட் தெரு அடிபம்பின் கைப்பிடியைக் கழற்றிய நிகழ்வோடு நிறுத்திவிடுகிறார்கள். கைப்பிடி கழற்றப்பட்டபோது நோய் ஏற்கெனவே தணியத் தொடங்கியிருந்ததால், அதைவிட வலுவான சான்று தென்லண்டனில் அவர் எடுத்த வீட்டுக் கணக்கு என்றே நான் கருதுகிறேன். அங்கே ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகளுக்கு இரண்டு நிறுவனங்கள் தண்ணீர் வழங்கின. ஒன்று நகரக் கழிவு கலந்த இடத்தில் தேம்ஸ் ஆற்று நீரை எடுத்தது, மற்றொன்று 1852இலேயே ஆற்றின் மேற்பகுதிக்கு மாறியிருந்தது. முதல் நிறுவனத்தின் 40,046 வீடுகளில் 1,263 பேரும், இரண்டாவதன் 26,107 வீடுகளில் 98 பேரும் காலராவால் இறந்திருந்தார்கள். பத்தாயிரம் வீடுகளுக்கு எத்தனை என்று மாணவர்களையே வகுக்கச் சொன்னால், ஒரு பக்கம் 315உம் மறுபக்கம் 37உம் வந்து நிற்கும். ராபர்ட் கோச் காலராக் கிருமியை உலகுக்கு அடையாளம் காட்டியது 1884இல். கிருமியின் பெயர் நிலைபெறாத காலத்திலேயே அது வரும் வழி கணக்கில் சிக்கிவிட்டது.

அடுத்து ஒரு செய்முறை. ஒவ்வொருவருக்கும் ஒரு குவளைத் தண்ணீர். ஒரே ஒரு குவளையில் மட்டும் மிகவும் நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடு கலந்திருக்கும். யாரும் வாயில் வைக்கக் கூடாது, முடிந்ததும் கை கழுவ வேண்டும் என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லிவிடுவேன். மூன்று சுற்றுகளில் மூன்று பேருடன் தண்ணீரைக் கலந்து பகிர்ந்துகொண்டு, யாருடன் எந்தச் சுற்றில் பகிர்ந்தோம் என்று வரிசையாக எழுதிவைக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு குவளையிலும் காரம் இருந்தால் நிறம் மாறும் பினாப்தலீனை ஒரு சொட்டு விட்டால், ஒன்றில் தொடங்கிய 'தொற்று' எட்டுக் குவளைகள் வரை இளஞ்சிவப்பாகத் தெரியும். யாரிடமிருந்து தொடங்கியது என்று தேடச் சொன்னால், நிறம் மாறாதவர்களோடு பகிர்ந்தவர்களை ஒவ்வொருவராகக் கழித்துக்கொண்டே பின்னோக்கிப் போவார்கள். ஆனால் முதல் சுற்றில் தமக்குள் பகிர்ந்துகொண்ட இருவரிடம் வந்து தேடல் நின்றுவிடும். அந்த இருவரில் யார் என்று குறிப்பேட்டை மட்டும் வைத்துக்கொண்டு சொல்லவே முடியாது. பகிர்வதற்கு முன் எடுத்துவைத்த மாதிரி வேண்டும்.

இந்த இடத்தில் நான் அவசரப்படுவதில்லை. 2020இல் இராயபுரம் மண்டலத்தில் கொரோனா மிகுந்திருந்தபோது தொடக்கப் பள்ளியில் இருந்த பிள்ளைகள் இவர்கள். தகரம் அடித்து மூடிய தெருக்களும், 'அவங்களாலதான் வந்துச்சு' என்று அண்டை வீட்டாரைச் சுட்டிய பேச்சுகளும் அவர்களுக்கு நன்றாக நினைவிருக்கின்றன. சான்று எதுவரை செல்லும், எங்கே நின்றுவிடும் என்பதை இரண்டு குவளைகள் அவர்களுக்குக் காட்டிவிடுகின்றன.

தண்ணீரைப் பற்றி எங்கள் மாணவர்களுக்குப் பாடநூலைவிட அதிகம் தெரியும்: லாரித் தண்ணீர், அடிபம்பு, கேன் தண்ணீர். மூன்றிலும் சிறிது கொண்டுவரச் சொல்லி, தண்ணீரில் எஞ்சியுள்ள குளோரினை நிறத்தால் காட்டும் குளோரோஸ்கோப் என்ற கருவியில் சொட்டு மருந்து விட்டு மஞ்சள் நிறத்தை ஒப்பிடுவோம். குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் எஞ்சிய குளோரினாவது இருக்க வேண்டும் என்பது விதி. நிறம் வராத தண்ணீரில் கிருமி இருப்பதாகப் பொருளில்லை. இனிமேல் கிருமி புகுந்தால் அதைக் கொல்ல அதில் ஒன்றும் மிஞ்சவில்லை என்றே பொருள். இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்ட பிள்ளை, வீட்டு டிரம்முக்கு மூடி ஏன் வேண்டும் என்பதைத் தானே சொல்லிவிடும். காலராவின் ஓ139 என்ற புதிய வகை 1992இன் இறுதியில் முதலில் தென்பட்ட ஊர்களில் நம் சென்னையும் ஒன்று என்பதையும், அதுவரை ஓ1 வகை மட்டுமே கொள்ளைநோயை உண்டாக்கும் என்று உலகம் நம்பியிருந்ததையும் அப்போதுதான் சொல்வேன்.

ஒரு செயலை மட்டும் நான் செய்வதில்லை. யார் வீட்டில் யாருக்கு என்ன நோய் என்று வகுப்பில் கணக்கெடுப்பதில்லை. கற்பனைத் தெருக்களே போதும். காசநோய்க்கு மாத்திரை உண்ணும் தாயோ தந்தையோ உள்ள பிள்ளை அந்த வரிசைகளில் எங்கோ அமர்ந்திருக்கக்கூடும். அதனால் காசநோயைப் பற்றிப் பேசும் நாளில், 1956இல் இந்த நகரத்தில் தொடங்கிய ஆய்வைச் சொல்கிறேன். நோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு நெரிசலான தங்கள் வீடுகளிலேயே சிகிச்சை தரப்பட்டது; மற்றொரு பிரிவினர் சானடோரியம் என்னும் காசநோய் மருத்துவமனையில் தங்கவைக்கப்பட்டார்கள். 1959இல் வெளியான முடிவுகளின்படி, ஓராண்டுச் சிகிச்சைக்குப் பின் இரு பிரிவினரின் நிலையும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. மருந்து உட்கொண்டு வீட்டிலேயே இருந்தவர்களின் குடும்பத்தாருக்கு அதனால் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. இதைச் சொல்லும்போது எந்தப் பிள்ளையின் முகத்தையும் குறிப்பாகப் பார்க்காமல், கரும்பலகையைப் பார்த்தபடி இரண்டு முறை சொல்கிறேன்.