பேரிங் வெளியில இருக்கணும்

நேத்து ஆரணி பக்கம் ஒரு நெல்லு குடோன்ல இருந்து போன், பின்னுக்கு, அதான் நெல்லு கொட்டி வெக்கிற பெரிய தொட்டிக்கு, அடியில நெல்லைத் தள்ளுற ஆகர் ஸ்க்ரூ சுத்தலன்னு. போய் பாத்தா ஸ்க்ரூவோட நடு பேரிங் ஜாம், அது நெல்லுக்குள்ள புதைஞ்சி கிடக்குது, மேல அத்தனை நெல்லையும் வாளியில அள்ளிக் கொட்டினாத்தான் அந்த சின்ன பேரிங்க தொடவே முடியும். ஒரு பையன் மேலருந்து உள்ள எறங்கட்டுமாண்ணான்னு கேட்டான், கைய புடிச்சி நிறுத்திட்டேன், அடியில நெல்லு நகந்தா ஆளையும் சேத்து இழுத்துடும்பா.

அதனாலதான் நம்ம பட்டறையில ஸ்க்ரூவ குட்டையா, அதோட நடு பைப்ப தடியா போட்டு நடு பேரிங்கையே எடுத்துட்டேன். ரெண்டு முனை பேரிங்கும் மோட்டாரும் கியர்பாக்ஸும் பின்னுக்கு வெளிய. 25 எம்எம் ஷாஃப்ட், யூசிஎஃப் 205ன்னு நாலு போல்ட்ல மாட்டுற பேரிங், வேலூர்ல கடையில கேட்டா கையில கொடுப்பாங்க. ஃபியூஸ் புடுங்கிட்டு, மேலருந்து நெல்லு எறங்காம ஸ்லைடு கேட்ட மூடிட்டு, ஷாஃப்ட புடிச்சிருக்கிற சின்ன ஸ்க்ரூவ லூஸ் பண்ணி, 17ம் நம்பர் ஸ்பேனர்ல நாலு போல்ட் கழட்டினா பேரிங் வெளிய வந்துடும். உமியில இருக்கிற சிலிக்கா இரும்ப தேச்சிகினே இருக்கும், ஃபிளைட், அதான் ஸ்க்ரூவ சுத்தி இருக்கிற தகடு, ஓரம் கத்தி மாதிரி ஆயிடும், அதனால ஸ்க்ரூவும் முழுசா உருவுற மாதிரி எதிர்ல செவுரு இல்லாம எடம் விட்டுத்தான் ஃபிட் பண்றேன்.